மனசுக்குப் போட்ட மார்க்

லீட்ஸ்,
இங்கிலாந்து,
11 மார்ச் 1996

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

கனகா எழுதுகிறேன். நான் இங்கே சுகம். குளிர் இன்னும் விடவில்லை. கம்பளிச் சட்டையைக் கழற்றாமலே சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணி தைலம் தேய்த்துவிடுகிறாரா, இல்லை அதற்கும் இரண்டு பேருக்கும் சண்டைதானா?

ஒரு நல்ல சேதி. என் ஆராய்ச்சிக்குத் தலைப்பு முடிவாகிவிட்டது. மேனேஜர்களுக்கு உணர்வறிவு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதுதான் வேலை. கோபம் வரும்போது அது தனக்கே தெரிகிறதா, கீழே வேலை செய்கிறவர் முகத்தைப் பார்த்து மனசு புரிகிறதா, இப்படி. கேள்வித்தாள் உண்டு, டேப்பில் பதிகிற பேச்சும் உண்டு. ஜூலையில் பினாங்குக்கு வருகிறேன். பாயான் லெப்பாஸில் உங்கள் பாக்டரியிலேயே அனுமதி கிடைத்துவிட்டது. அங்குள்ள மேனேஜர்கள் எல்லோரையும் பார்க்கப்போகிறேன், உங்களையும் சேர்த்துத்தான்.

பயப்படாதீர்கள். யார் என்ன சொன்னார் என்பது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பல்கலைக்கழகத்தில் இதையெல்லாம் கண்காணிக்க ஒரு நெறிமுறைக் குழு இருக்கிறது. பேசியவர் பிறகு வேண்டாம் என்று சொன்னால் அதை எடுத்துவிட வேண்டும் என்பதும் அவர்கள் விதி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை
கனகேஸ்வரி


சிவமயம்

ஜாலான் டத்தோ கிராமட்,
ஜார்ஜ் டவுன்,
2 ஏப்ரல் 1996

அன்புத் தங்கை கனகாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் அண்ணியும் நலம். முதுகு அப்படியே இருக்கிறது, தைலம் தீர்ந்துவிட்டது, சண்டை மட்டும் குறையவில்லை.

உன் கடிதத்தை உன் அண்ணி வள்ளிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்களுக்கு மனசு இருக்கான்னு அளக்க லீட்ஸ்லருந்து ஆள் வரணுமாலா? என்னைக் கேட்டா சும்மாவே சொல்லிடுவேன்" என்றாள். எனக்குக் கோபத்துக்கு வேண்டுமானால் முதல் மார்க் போடு. பாக்டரியில் நான் கத்தினால் அடுத்த கட்டடத்தில் மெஷின் நிற்கும் என்று ஒரு பேச்சு உண்டு.

என் பகுதி உனக்குத் தெரியுமே. எல்லாம் பெண்கள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டுகிற வேலை. அவர்களைக் கட்டி மேய்க்க அறிவு எதற்கு, பொறுமை இருந்தால் போதும். அது என்னிடம் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. எங்கள் ஜெனரல் மேனேஜர் சொந்தத் தம்பியையே பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார். உன்னை எப்படி விட்டார்? அடுத்த கடிதத்தில் எழுது.

வந்து சேர். அறையைச் சுத்தம் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்
ஏரம்பமூர்த்தி


லீட்ஸ்,
20 செப்டம்பர் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். அண்ணி கட்டிக்கொடுத்த மிளகாய்த் தூள் பெட்டி முழுக்கக் கொட்டி, என் சட்டையெல்லாம் தும்மல் வாசனை. அதற்காக அண்ணியைத் திட்டவேண்டாம். இரண்டு மாதம் ராணி மாதிரி வைத்திருந்தீர்கள்.

டேப்புகளைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்ற மேனேஜர்கள் எல்லோரும் புத்தகத்தில் படித்ததையே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் டேப் ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது. அண்ணி கோயிலுக்குப் போயிருந்த அன்றைக்கு, சமையலறையில் உட்கார்ந்து நூர்ஜானைப் பற்றிச் சொன்னீர்களே, அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது, கண் பரிசோதனையில் தோற்றால் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிடும் என்பதால் நர்ஸ் வருகிற நாளில் எல்லாம் நீங்கள் அவளுக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுத்தீர்கள், பிறகு சத்தமில்லாமல் பேக்கிங் மேசைக்கு மாற்றினீர்கள். சொல்லும்போது உங்கள் குரல் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. அண்ணனுக்கு இப்படி ஒரு மனசா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

அனுமதி எப்படிக் கிடைத்தது என்று அங்கேயும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அது பெரிய கதை, இன்னொரு நாள்.

அன்புடன்
கனகா


சிவமயம்

ஜார்ஜ் டவுன்,
8 அக்டோபர் 1996

அன்புத் தங்கை கனகாவுக்கு,

இங்கே நலம். உன் நலம் எழுது. மழை விடாமல் பெய்கிறது. பாக்டரி பஸ் தண்ணீரில் மாட்டிக்கொண்டு இரண்டு நாளாக எல்லோரும் தாமதம். நான் கத்தவில்லை, நீ வந்துபோன மகிமை.

உன் கடிதத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நூர்ஜான் விஷயத்தை எடுத்துவிடு. நீ புகழ்ந்ததெல்லாம் போதும். அது வெளியே போனால் என் வேலைக்குக்கூட அவ்வளவு ஆபத்து இல்லை, அவள் வேலை போய்விடும். நாற்பதை நெருங்குகிறவள், கண் போனவள். அவளை இனி எந்த பாக்டரி எடுக்கும்? அவள் புருஷன் லாரியில் போனால் வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருகிறவன். பாகான் டாலாமிலிருந்து விடிவதற்குள் கிளம்பி, பெர்ரிக் கப்பல் ஏறி, பஸ் பிடித்து வந்து அவள்தான் அந்த வீட்டை ஓட்டுகிறாள்.

டேப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது, கனகா. நான் தங்கச்சியிடம் பேசினேன். ஆராய்ச்சிக்காரியிடம் பேசியிருந்தால் நானும் புத்தகத்தில் படித்ததைத்தான் சொல்லியிருப்பேன்.

வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிடுவது விதி என்று நீதானே எழுதினாய். வேண்டாம் என்று சொல்கிறேன். எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு.

அண்ணன்
ஏரம்பமூர்த்தி


லீட்ஸ்,
14 நவம்பர் 1996

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

தாமதமான தீபாவளி வாழ்த்து. நான் நலம். இங்கே தமிழ்க் குடும்பம் ஒன்றில் கூப்பிட்டார்கள், முறுக்கு கல் மாதிரி இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன். வேலை தலைக்கு மேல். எழுதவே நேரமில்லை.

அண்ணே, நீங்கள் வீணாகக் கவலைப்படுகிறீர்கள். பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நிம்மதியாக இருங்கள்.

அன்புடன்
கனகா


லீட்ஸ்,
10 மார்ச் 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. பொங்கல் வாழ்த்துக்கும் பதில் இல்லை. மூன்று முறை போன் போட்டேன். மூன்று முறையும் நீங்கள் குளிக்கிறீர்கள் என்று அண்ணி சொன்னார். இவ்வளவு சுத்தமான மனிதராக எப்போது மாறினீர்கள்?

கடைசியாகப் பேசும்போது அண்ணி வாய் தவறிச் சொல்லிவிட்டார். உங்களுக்கு சீனியர் மேனேஜர் பதவி கிடைத்திருக்கிறதாமே! என்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லையா? எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தனை வருஷம் உங்களை வெறும் கோபக்காரர் என்றே நினைத்திருந்தார்கள். படித்துப் பார்த்தால் உங்கள் அருமை அவர்களுக்குப் புரியும் என்று எனக்குத் தெரியும்.

கோபம் ஏதாவது இருந்தால் திட்டியாவது எழுதுங்கள்.

அன்புடன்
கனகா


ஜார்ஜ் டவுன்,
4 ஏப்ரல் 1997

கனகாவுக்கு,

நீ போன் போட்டபோது நான் குளிக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் குரல் ரிசீவருக்கு வெளியே எனக்குக் கேட்டது. எழுந்து போய்விட்டேன்.

'படித்துப் பார்த்தால்' என்று எழுதியிருக்கிறாய். யார் படித்துப் பார்த்தால்? எதை? இரண்டு மாதமாக நான் நம்பாமல் கிடந்ததை நீயே உன் கையால் எழுதி அனுப்பிவிட்டாய். நல்லது.

என்ன நடந்தது என்று கேள். ஜனவரியில் ஆள் எடுப்பு அதிகாரி யூசுப் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டே கை குலுக்கினார். எல்லா மேனேஜர்களிலும் எனக்குத்தான் அதிக மார்க் என்றார். கண் தெரியாத தொழிலாளியை மறைத்துக் காப்பாற்றிய கதையைப் படித்துத் தலைமை அலுவலகத்தில் ஓர் அம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டதாம். அப்புறம் அதே சிரிப்போடு சொன்னார், கண் பரிசோதனை விஷயத்தை மட்டும் சரிசெய்துவிட வேண்டும், நாளைக்கு யாராவது கேஸ் போட்டால் கம்பெனிக்குச் சங்கடம் என்று.

அடுத்த வாரமே வெளியிலிருந்து டாக்டர் வந்தார். என் பகுதிப் பெண்கள் எல்லோரையும் ஒரே நாளில் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார்கள். பேக்கிங் மேசையிலிருந்து நூர்ஜானையும் கூப்பிட்டார்கள். அவளோடு சேர்த்து ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்ற நான்கு பேருக்குக் கண் கெட்டிருந்தது எனக்கே தெரியாது. அதே வாரம் எனக்குப் பதவி உயர்வு. இரண்டு அறிவிப்பையும் கேன்டீன் வாசலில் ஒரே பலகையில் ஒட்டினார்கள்.

அந்தப் பெண்களுக்குக் கண் மட்டும்தான் மங்கல், புத்தி மங்கல் இல்லை. இரண்டையும் படித்தார்கள், கணக்கைப் போட்டுக்கொண்டார்கள். இத்தனை வருஷம் என்னிடம் வாயாடிய சலேஹா எழுந்து நின்று, 'தஹ்னியா, பாஸ்' என்று வாழ்த்துச் சொன்னாள். அதற்கப்புறம் என் லைனில் யாரும் என்னோடு சிரிப்பதில்லை. நான் கத்தினாலும் பயப்படுவதில்லை. அவர்கள் பார்வையில் நான் ஐந்து பேரை விற்றுப் பதவி வாங்கியவன்.

நூர்ஜான் விஷயத்தை இந்த உலகத்தில் நான் உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன். வள்ளிக்குக்கூடத் தெரியாது. எடுத்துவிடு என்று எழுதினேன். எடுத்துவிட்டேன் என்று நீ எழுதினாய் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது அந்தக் கடிதத்தைத் திரும்பப் படித்தால் பெயரை எடுத்ததாக மட்டும் எழுதியிருக்கிறாய். படித்தவள் அல்லவா, பொய் சொல்லாமலே ஏமாற்றத் தெரிந்திருக்கிறது.

எப்படி அனுமதி வாங்கினாய் என்று எத்தனை தடவை கேட்டேன்? இப்போதாவது சொல்.

ஏரம்பமூர்த்தி


லீட்ஸ்,
19 ஏப்ரல் 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் உங்கள் உடம்பை நினைத்துப் பயமாக இருக்கிறது.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. ஆராய்ச்சி முடிந்ததும் ஒவ்வொரு பகுதியைப் பற்றியும் அறிக்கை முதலில் அவர்கள் கைக்குப் போகவேண்டும். சரி என்றேன். வேறு எந்த பாக்டரியும் கதவைத் திறக்கவில்லை, அண்ணே. பதினேழு இடத்தில் கேட்டேன். இதை நெறிமுறைக் குழுவிடம் சொல்லவில்லை. மேனேஜர்களிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

அறிக்கையில் உங்கள் பெயரும் இல்லை, நூர்ஜான் பெயரும் இல்லை. 'மைக்ராஸ்கோப் பகுதி மேனேஜர்' என்றுதான் எழுதினேன். அங்கே நீங்கள் ஒருவர்தான் மேனேஜர் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரியட்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். உங்களுக்கு நல்லது நடக்கும் என்று நினைத்தேன். நூர்ஜானை நான் நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை.

எடுத்துவிடச் சொன்ன உங்கள் கடிதம் அறிக்கை போன பிறகு வந்தது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அது முன்னமே வந்துவிட்டது. இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பகுதியை எடுத்தால் என் ஆராய்ச்சியில் ஒன்றுமே மிஞ்சாது. அனுப்பிவிட்டேன்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதுகிறேன். வேறு எதுவும் எழுதத் தெரியவில்லை.

கனகா


லீட்ஸ்,
6 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் பதில் போடவில்லை. போடமாட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு இப்போது வேறு ஆள் இல்லை.

உங்கள் பாக்டரியில் குறைந்த மார்க் வாங்கிய மேனேஜர் ஒருவரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்களாம். அவர் இங்கே பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதிவிட்டார். நெறிமுறைக் குழு என்னை விசாரிக்கிறது. பேசிய மேனேஜர்கள் எல்லோருக்கும் கடிதம் அனுப்புகிறார்கள். கேள்வி ஒன்றுதான்: நீங்கள் பேசுவதற்கு முன்பே, இது கம்பெனிக்குப் போகும் என்று சொல்லப்பட்டதா?

மற்றவர்கள் நினைவில்லை என்று எழுதிவிடுவார்கள், அவர்களுக்கு எதற்கு வம்பு. உங்கள் பதிலைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் என் அண்ணன். நீங்களே இல்லை என்று எழுதினால் எனக்குப் பட்டம் இல்லை, ஐந்து வருஷப் படிப்பும் இல்லை. 'ஆமாம், சொன்னாள்' என்று மட்டும் எழுதிவிடுங்கள்.

யாரோ ஒரு நூர்ஜானுக்காகக் கம்பெனி விதியை மீறினீர்கள். சொந்தத் தங்கைக்காக ஒரு வரி எழுதமாட்டீர்களா, அண்ணே?

உங்கள்
கனகா


சிவமயம்

ஜார்ஜ் டவுன்,
15 செப்டம்பர் 1997

கனகாவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, படுத்த படுக்கையாகிவிடாதே.

உன் கடிதம் வந்த மறுநாளே குழுவின் கடிதமும் வந்தது. வள்ளி இரண்டையும் சாமி படத்துக்கு அடியில் வைத்துவிட்டாள். "அவ ஒருத்திதான் உங்களுக்குக் கூடப் பிறந்தவ. போனது போகட்டும், எழுதிக் கொடுத்துருங்கலா" என்று தினமும் சொன்னாள். நானும் ஒரு நாள் பேனாவை எடுத்துவிட்டேன் என்பதை உனக்குச் சொல்லவேண்டும். ஆமாம் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

எழுத முடியவில்லை. முதலில் நூர்ஜானைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. வேலை போன நாளிலிருந்து நான் அவள் முகத்தில் விழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெர்ரியில் பட்டர்வொர்த்துக்குப் போய், பாகான் டாலாமில் அவள் வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். வாசலில் பலகாரத் தட்டு வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ஆனாலும் உள்ளே உட்காரச் சொன்னாள், குடிக்க சிராப் கலக்கிக் கொடுத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நீ வந்தது, டேப் வைத்தது, அறிக்கை போனது, நான் வேண்டாம் என்று எழுதியது. நான் உங்களை விற்கவில்லை நூர்ஜான், என் தங்கச்சிதான் என்னை ஏமாற்றிவிட்டாள் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. அப்பாடா, இவளுக்காவது என்னைப் புரிந்தது என்று நினைத்தேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "தங்கச்சி செஞ்சது தப்புதாண்ணே. ஆனா என் கண்ணப் பத்தி தங்கச்சிக்கு யாருண்ணே சொன்னது? சொல்லட்டுமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் சிராப் டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் விடவில்லை. "நல்லவரு, நல்லவருன்னு நாங்கதான் சொல்லிக்கிட்டு இருந்தோமே. அது உங்களுக்குப் பத்தலையா?"

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். பெர்ரியில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். அன்றைக்குச் சமையலறையில் நான் பாரத்தை இறக்கவில்லை, கனகா. படித்த தங்கை முன்னால் நல்ல பெயர் வாங்க ஆசைப்பட்டேன். என்னிடம் அவள் ஒளித்துவைத்த கண்ணை எடுத்து உன்னிடம் காட்டினேன். நீ அதை எடுத்துக் கம்பெனிக்குக் காட்டினாய்.

சீனியர் மேனேஜர் வேலை வேண்டாம், அந்த ஐந்து பேரையும் திரும்ப எடுங்கள் என்று யூசுபிடம் எழுதிக் கொடுத்தேன். பதவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர்களை எடுக்கவில்லை.

குழுவுக்கு நேற்றுப் பதில் போட்டேன். உனக்குத் தெரியாமல் எதுவும் செய்யக்கூடாது என்பதால் அதை அப்படியே எழுதுகிறேன். கம்பெனிக்குப் போகும் என்று எனக்குச் சொல்லப்படவில்லை. வேண்டாம் என்று நான் சொன்ன பிறகும் எடுக்கப்படவில்லை. அவர்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்தேன். மேனேஜர்களிடம் எல்லாம் சம்மதம் வாங்கினீர்கள், நாங்கள் யாரைப் பற்றிப் பேசினோமோ அவர்களிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை. என் தங்கையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குப் போட்ட மார்க்கை அடித்துவிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இதனால் உன் படிப்பு போகலாம். போனால் நேராக இங்கே வா. உன் அறை அப்படியே இருக்கிறது, வள்ளி உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், நானும் சொல்லவிடமாட்டேன். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இரு. ஆனால் என் மனசில் என்ன இருக்கிறது என்று மட்டும் இனிமேல் என்னிடம் கேட்காதே.

ஏரம்பமூர்த்தி